நூற்றுப் பதினேழாம் பெட்டி

கீலுங், 1998 மார்ச் 9

வென்தாங்,

நேற்று போனைப் பாதியில் வைத்தவன் நீ. வைத்ததும் நல்லதாயிற்று. இந்த விஷயத்தை இனி உன்னோடு போனில் பேசுவதாக இல்லை. போனில் சொன்னது காற்றோடு போய்விடும். நாளைக்குச் சுங்கத்தில் என்னை உட்காரவைத்துக் கேட்கும்போது காற்றையா எடுத்துக் காட்டுவேன்? எழுது. தேதி போடு. ஃபாக்டரி முத்திரையைக் குத்து. ஹாங்காங்கில் நம் சரக்கை மாற்றி ஏற்றிவிடும் மோவின் தபால் பைதான் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறதே, அதில் போடு. நானும் அப்படித்தான் எழுதப் போகிறேன்.

நடந்தது இது. உன் நான்காவது கன்டெய்னர் ஹாங்காங் வழியாக வந்து இறங்கியது. "அலுமினியக் கதவுக் கைப்பிடி, ஸ்க்ரூவுடன், 420 பெட்டி" என்று உன் தாளில் இருந்தது. முந்தைய மூன்று தடவை போலவே கைப்பிடிக்குரிய சுங்க எண்ணைப் போட்டு நான் கையெழுத்திட்டேன். வெள்ளிக்கிழமை கிடங்கில் நூற்றுப் பதினேழாம் பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய அலுமினியத் துண்டுகள். முனையை மழுக்கியிருக்கிறது, சாம்பல் நிறம் ஏற்றியிருக்கிறது. ஸ்க்ரூ போட ஓட்டை மட்டும் ஒன்றில்கூட இல்லை. ஸ்க்ரூப் பொட்டலமும் இல்லை. அதிலிருந்து கடைசிப் பெட்டி வரை இதே கதைதான்.

அதிகாரி யான் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கைப்பிடிங்க."

"கதவுல எப்படி மாட்டுவாங்க? சோத்தைத் தடவி ஒட்டுவாங்களா?"

பக்கத்தில் நின்ற மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கிடங்குக்குப் போய் வருகிறேன். என்னைப் பார்த்து அங்கே யாரும் சிரித்ததில்லை.

உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதி வைக்கிறேன், தெரியாது என்று பின்னால் சொல்லிவிடாதே. அக்கரையிலிருந்து, உன் பெருநிலத்திலிருந்து, இந்தத் தீவுக்கு வரும் சரக்கில் கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் மாதிரி முடிந்த சாமான்களின் எண்ணுக்கு அனுமதி உண்டு. நீளமாக இழுத்து வெட்டிய வெறும் பட்டைக்கு, கடைக்காரர்கள் செக்ஷன் என்பார்களே அதற்கு, வேறு எண். அந்த எண்ணுக்கு அனுமதி இல்லை. இது பட்டைதான் என்று யான் எழுதிவிட்டால் சரக்கு பறிமுதல். அதோடு முடியாது. தடைச் சரக்குக்குக் கைப்பிடி என்று பேர் வைத்து உள்ளே விட்டவள் என்று என் சுங்கத் தரகு உரிமத்தைப் பிடுங்குவார்கள். மூன்று தடவை தோற்று நான்காவது தடவை தேறி வாங்கிய உரிமம். அது போனால் இந்த ஆபீஸில் மட்டுமல்ல, எந்தத் துறைமுகத்திலும் எனக்கு நாற்காலி கிடையாது.

எழுத்தில் விளக்கம் கொடுக்க 31ஆம் தேதி வரை தவணை. ஒரே கேள்விதான். ஏன் ஓட்டை போடவில்லை? ஒரே வரியில் பதில் சொல்.

பிஷியா


தோங்குவான், மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு வார்த்தை இல்லை. அக்காவின் கடிதமா, சுங்க இலாகா நோட்டீஸா என்று உறையைத் திருப்பி இரண்டு தடவை பார்த்தேன். போகட்டும். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? கீலுங் மழையில் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஓட்டை விஷயம் ஒன்றும் பெரிதில்லை. துளை போடும் மெஷினில் மோட்டார் கோளாறு. ஆள் வந்து பிரித்துப் போட்டுவிட்டு, சாமான் இல்லை என்று போய்விட்டான். தவிரவும் சரக்கை வாங்குகிற தைசுங் கெ முதலாளியே இந்தத் தடவை ஓட்டை வேண்டாம் என்றார். கட்டடத்துக்குக் கட்டடம் கதவு வேறாக இருக்கிறதாம், அங்கேயே அளவு பார்த்துப் போட்டுக்கொள்கிறாராம். அதனால்தான் ஸ்க்ரூவும் வைக்கவில்லை. ஆபீஸ் பெண் பழைய தாளைப் பார்த்து அப்படியே "ஸ்க்ரூவுடன்" என்று அடித்துவிட்டாள். ஒரு ஓட்டை, அக்கா! பென்சிலை விட்டால் உள்ளே போகாத ஓட்டை. அதற்காக என்னைத் திருடனைக் கேட்பது போலக் கேட்கிறீர்களே.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். நாங்கள் பெட்டிகளை ஒன்றாம் எண்ணிலிருந்து உள்ளே அடுக்குகிறோம். கதவோரம் இருப்பது நானூற்றுச் சொச்சம். சுங்கத்தார் கன்டெய்னரைத் திறந்தால் கைக்கு எட்டியதை எடுப்பார்கள், அதுதானே வழக்கம்? முந்நூறு பெட்டியை இறக்கி, உள்ளே போய், குறிபார்த்து நூற்றுப் பதினேழை எடுத்திருக்கிறார்கள். நூற்றுப் பதினாறு வரை ஓட்டை போட்ட நல்ல கைப்பிடி. பதினேழில்தான் மாறுகிறது. இது எப்படி அவர்களுக்குத் தெரிந்தது? யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் ஃபாக்டரியில் அப்படி ஆள் இல்லை. உங்கள் பக்கம் பாருங்கள். உங்கள் நாற்காலியின் மேல் யாருக்குக் கண் என்று யோசியுங்கள்.

புது வருஷத்துக்குப் பிறகு இங்கே சமையல்காரரும் திரும்பி வரவில்லை. நானே கஞ்சி வைக்கிறேன். உப்பு மட்டும் எப்போதும் கூடிவிடுகிறது.

தம்பி வென்தாங்


கீலுங், மார்ச் 17

வென்தாங்,

ஒரு பதில் கேட்டேன், இரண்டு அனுப்பியிருக்கிறாய். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் வந்தால் இரண்டும் பொய் என்பது இந்தத் தொழிலில் நான் கற்றது. மோட்டார் கெட்டிருந்தால் கெ வேண்டாம் என்றதைச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

கெ முதலாளிக்கு நானே போன் போட்டேன். போனில் பேசுவதில்லை என்ற சட்டம் உனக்குத்தான், அவருக்கு இல்லை. அவர் குதித்தார்.

"ஓட்டை வேணாம்னு நான் சொன்னேனா? எப்ப சொன்னேன்? என்கிட்ட மெஷினும் கெடையாது, ஆளும் கெடையாது. பல்லால கடிச்சா ஓட்டை போடுவேன்? உங்க தம்பிக்கு என்ன, புத்தி கித்தி பெசகிப்போச்சா?"

இப்போது நான் என்ன நினைக்கட்டும்? இங்கே ஜன்னல் செய்கிறவர்கள் அக்கரைப் பட்டைக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறார்கள். கைப்பிடி அளவுக்கு வெட்டி, முனையை மழுக்கி, ஓட்டை போடாமல் அனுப்பினால் அவர்கள் வேறு எதற்கும் வைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று தடவை ஒழுங்காக அனுப்பி அக்காவை நம்பவைத்துவிட்டு, நான்காவது தடவை முந்நூற்று நான்கு பெட்டி. இப்படி யான் நினைக்கிறார். நான் நினைக்கவில்லை என்று எழுதக் கை வரவில்லை.

இன்னொன்று. எந்தப் பெட்டியில் மாறியது என்று உனக்கு மனப்பாடமாகத் தெரிகிறது. வாரத்துக்கு எத்தனை பெட்டி போகிறது உன் ஃபாக்டரியிலிருந்து? அதில் நூற்றுப் பதினாறு முடிந்து பதினேழு தொடங்கியது மட்டும் எப்படி நினைவில் நிற்கிறது? அன்றைக்கு என்ன நடந்தது?

வழி இல்லாமல் இல்லை. முடியாத சாமானாக இருந்தாலும், முடிந்த சாமானின் அடையாளம் அதில் இருந்தால் முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அது கைப்பிடியாகத்தான் போகப் போகிறது, இடையில் ஏதோ காரணத்தால் நின்றுவிட்டது என்று காட்ட வேண்டும். அதற்குத் துளை போடும் பிரிவின் வேலைப் பதிவேடு வேண்டும். எந்தத் தேதியில், எத்தனையாவது பெட்டியோடு, ஏன் நின்றது. பிப்ரவரி முழுவதும் அனுப்பு. நகல் வேண்டாம், அசல்.

பிஷியா


தோங்குவான், மார்ச் 21

அக்கா,

பதிவேடு அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை மோ வந்திருந்தார். உங்களுக்குத்தான் அவரைத் தெரியுமே, வாயில் எதுவும் நிற்காது. டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்க அக்கா பெரிய ஆளுப்பா. கன்டெய்னரைத் தொறக்கணும்னு சுங்கத்துக்கு மனு போனதே அவங்க முத்திரையிலதான். இத்தனாம் நம்பர் பெட்டின்னு அதுலயே எழுதியிருந்துச்சு. எங்காளு கண்ணால பாத்தான்."

நான் சிரித்தேன். "வேற யாராவது இருக்கும் மோ, சரியா பாக்கச் சொல்லு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையை நான் என்னவென்று எழுத?

யார் காட்டிக்கொடுத்தது என்று உங்களிடமே கேட்டிருக்கிறேன். நீங்களும் ஒன்றும் தெரியாதவர் போல, "திறக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். தானாகத் திறந்துகொண்டதா அது? சின்ன வயசிலும் இப்படித்தான். என் பள்ளிப் பையை நீங்கள்தான் குடைவீர்கள். அப்பாவிடம் நீங்கள்தான் சொல்வீர்கள். அடி வாங்கிய பிறகு மருந்து போடுவதும் நீங்கள்தான். எனக்கு இப்போது முப்பத்தொன்பது வயசு, அக்கா. இங்கே முப்பத்தொன்பது பேர் என் சம்பளத்தில் சாப்பிடுகிறார்கள்.

பட்டை கடத்துகிறேன் என்கிறீர்கள். கடத்துகிறவன் சாயம் ஏற்றுவானா? முனையை மழுக்க ஆள் போடுவானா? நீங்களே யோசித்துப் பார்த்தால் தெரியும். யோசிக்க மாட்டீர்கள், ஏனென்றால் முதலில் சந்தேகப்பட்டுவிட்டீர்கள்.

பதிவேடு கிடைக்காது. ஈரத்தில் நைந்துபோய்விட்டது. அதோடு, எங்களிடம் துளைப் பிரிவுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? இங்கேயும் உங்கள் ஆள் யாராவது இருக்கிறார்களா?

வென்தாங்


கீலுங், மார்ச் 24

வென்தாங்,

மோவின் ஆள் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். மனு கொடுத்தது நான்தான்.

மறைத்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஏன் கொடுத்தேன் என்றும் கேட்டுக்கொள்.

கையெழுத்துப் போட்ட மறுநாள் உன் பேக்கிங் லிஸ்டை இன்னொரு தடவை படித்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் எடை போட்டிருக்கிறது. உன் எடைக்காரன் யாரோ, நேர்மையான ஆள். நூற்றுப் பதினாறு வரை இருபத்தொன்றரைக் கிலோ. பதினேழிலிருந்து இருபதே கால். கடைசி வரை அப்படியே. பெட்டிக்கு ஒன்றேகால் கிலோ எங்கே போயிற்று? மேலே மட்டும் "ஸ்க்ரூவுடன்" என்று இருக்கிறது. 

அவர்களாகக் கண்டுபிடித்தால் அது மோசடி. பரிசோதனைக்கு எடுப்பதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டவளே போய், "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, திறந்து காட்டுங்கள்" என்றால் அது தவறு. மோசடிக்கு உன்னையும் என்னையும் சேர்த்து இழுப்பார்கள். தவறுக்கு விளக்கம் கேட்பார்கள். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் போனேன். உன்னிடம் முதலில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "ஒண்ணுமில்லக்கா, ஆபீஸ் பொண்ணு தப்பா அடிச்சுட்டா." சொன்னாயா இல்லையா?

முழுசையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியை வெட்டும்போது வேறு ஏதாவது இருக்கும் என்று பயந்தேன். அக்கரையிலிருந்து கைப்பிடிக்குள் என்னென்னவோ வைத்து அனுப்புகிறார்கள். என் தம்பி பெட்டிக்குள் என்ன வைத்திருப்பானோ என்றுதான் நின்றேன். உள்ளே வெறும் அலுமினியத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதிதான். அப்புறம்தான் யான் சோற்றைப் பற்றிக் கேட்டார்.

நீ சொன்ன பிறகு ஒரு துண்டை வாங்கி வந்து மேஜையில் வைத்துப் பார்த்தேன். மழுக்கின முனை, நிறம், விரல் பிடிக்கிற பள்ளம் எல்லாம் கச்சிதம். கடத்துகிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். அது வாஸ்தவம். சரக்கு சுத்தமானது. எனக்குச் சரக்கைப் பார்க்கத் தெரியும். சுத்தமில்லாதது உன் கடிதம்தான். நல்ல கைப்பிடி செய்கிற ஒருவன், வாங்குகிறவன் கேட்காமல், ஓட்டை மட்டும் போடாமல் ஏன் அனுப்புவான்? என்னத்தை மறைக்கிறாய்?

பதிவேடு எல்லா ஃபாக்டரியிலும் உண்டு, எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தில் நைந்ததாம். இருந்தாலும் அனுப்பு, வெயிலில் காயவைத்துக்கொள்கிறேன். இன்னும் ஏழு நாள்.

பிஷியா


தோங்குவான், மார்ச் 27

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

புது வருஷத்துக்கு ஊருக்குப் போனவர்கள் அறுபத்து நான்கு பேர். விடுமுறை முடிந்து திரும்பியது முப்பத்தொன்பது. இங்கே எல்லா ஃபாக்டரியிலும் இதே கதிதான், யாரைக் கேட்டாலும் "ஆள் இல்ல" என்பார்கள். கப்பல் தேதி மட்டும் நமக்காக நிற்காது.

துளை மெஷினில் ஊசிக்கு முன்னால் ஒரு மூடித் தகடு உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் அதை மூடித் திறக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மணிக்கு இருநூறு துண்டு கூடுதலாக வரும். பிப்ரவரி 10ஆம் தேதி அந்தத் தகட்டைக் கழற்றினேன். யாரும் சொல்லிக் கழற்றவில்லை, வேறு யாரும் கழற்றவில்லை. ஸ்பானரைப் பிடித்தது இந்தக் கைதான்.

மறுநாள் காலை பெங் சுன்லியான் அந்த மெஷினில் இருந்தாள். ஹூனானிலிருந்து வந்தவள், முப்பத்தொரு வயசு, ஐந்து வருஷமாக என்னிடம் வேலை செய்கிறாள். குளிருக்கு நூல் கையுறை போட்டிருந்தாள். உறை ஊசியில் சுற்றிக்கொண்டது. வலக்கையில் இரண்டு விரல் போய்விட்டது, அக்கா. ஆட்காட்டி விரலும் நடுவிரலும். அவள் கத்தவில்லை. "மெஷின நிறுத்துங்க, மெஷின நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது நூற்றுப் பதினாறாம் பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஏன் மனப்பாடம் என்று கேட்டீர்களே.

ஆஸ்பத்திரியில், ஆட்கள் தங்கும் விடுதியின் இரும்புக் கதவில் கை நசுங்கியது என்று எழுத வைத்தேன். ஃபாக்டரியில் நடந்தது என்று தொழிலாளர் அலுவலகத்துக்குத் தெரிந்தால் பூட்டிவிடுவார்கள் என்று பயம். "நீயும் அப்படியே சொல்லிடும்மா, ஒனக்கு நான் இருக்கேன்" என்றேன். தலையாட்டினாள். அவளை விடுதியிலேயே வைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இதை எழுதும்போதே நான் ஏதோ பெருந்தன்மை செய்வது போல் தெரிகிறது. அப்படியில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குத் துளை அறையைப் பூட்டினவன் இன்னும் திறக்கவில்லை. யாரையும் அந்த மெஷினில் உட்கார வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மிச்சத்தை உங்கள் பக்கம் சாங்ஹுவாவில் யாரிடமாவது கொடுத்து ஓட்டை போட்டு கெயிடம் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு ஓட்டைக்காக எண் மாறும், சரக்கு தடைச் சரக்காகும் என்று சத்தியமாக எனக்கு உறைக்கவில்லை.

இத்துடன் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று பதிவேட்டின் பிப்ரவரி 11 பக்கம். "116ஆம் பெட்டியோடு துளை வேலை நிறுத்தம், காரணம் மோட்டார் பழுது" என்று இருக்கிறது. எழுதச் சொன்னது நான். இன்னொன்று நடந்ததை நடந்தபடி எழுதிய வாக்குமூலம். இரண்டிலும் முத்திரை குத்தியிருக்கிறேன். முதலாவதைக் கொடுத்தால் உங்கள் உரிமமும் பிழைக்கும், ஃபாக்டரியும் பிழைக்கும். இரண்டாவது அங்கே ஒரு கோப்பில் ஏறினால் கெ காதுக்குப் போகும், மோ வாய்க்குப் போகும், பிறகு இங்கே வந்து சேர எத்தனை நாள்? எதைக் கொடுப்பதென்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் கோழை, என்னால் முடியவில்லை.

வென்தாங்


கீலுங், ஏப்ரல் 1

வென்தாங்,

நேற்று விளக்கம் கொடுத்துவிட்டேன்.

உன் இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். சூப் ஆறிப்போய்க் கொழுப்புக் கட்டிவிட்டது. மோட்டார் பழுது என்ற தாள் போதும். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். உன்னைப் பொய்யன் என்று மூன்று வாரமாகத் திட்டிவிட்டு, உன் பொய்யில் என் கையெழுத்தைப் போட்டு என் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

இரண்டையும் கொடுத்தேன். பதிவேட்டுப் பக்கத்தின் அடியில், "தேதியும் பெட்டி எண்ணும் மெய், காரணம் பொய், உண்மைக் காரணம் இணைத்துள்ள தாளில்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முதல் மூன்று தடவை வந்த கைப்பிடி ஒன்றையும், ஓட்டையில்லாத துண்டு ஒன்றையும் கூட வைத்தேன்.

யான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"தம்பி மேலயே எழுதிக் குடுக்கறீங்களேம்மா."

"நடந்ததுங்க."

"சரக்கக் காப்பாத்தப் பொய் சொல்றவன் நல்ல பொய்யாத்தான் சொல்லுவான். மோட்டார்ங்குவான், மழைங்குவான். இவ்வளவு கேவலமான பொய்ய யாரும் சொல்லிக் குடுக்க மாட்டான்." பேனாவைத் திறந்தார். பிறகு, "அந்தம்மாவுக்கு எத்தனை விரல்?" என்று கேட்டார். சொன்னேன்.

துளை போடாத கைப்பிடி, கைப்பிடியின் எண்ணே செல்லும் என்று எழுதினார். சரக்கு விடுதலை. எனக்கு எச்சரிக்கை, கோப்பில் ஏறிவிட்டது, உரிமம் இருக்கிறது. சிரித்த மூட்டைக்காரர்கள் இன்று எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

இதையெல்லாம் படித்து நீ பெருமூச்சு விட்டிருப்பாய். அவசரப்படாதே. உன் ஐந்தாவது கன்டெய்னருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு யாரிடமும் போகலாம், தடுக்கவில்லை. நான் போட வேண்டுமானால் சுன்லியானுக்கு என்ன நடந்தது, ஆயுசுக்கும் அவளுக்கு நீ என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறாய் என்று ஒரு தாள் எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டி, அவள் சம்மதித்துக் கைநாட்டு வைத்து, தொழிலாளர் அலுவலகத்தில் பதிந்த நகல் எனக்கு வர வேண்டும். பூட்டினால் பூட்டட்டும். அவள் சம்மதம் என்று நீ சொல்வதை நான் நம்ப மாட்டேன், அவள் கையைப் பார்த்தால்தான் நம்புவேன்.

உன் மேல் கோபமில்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதினாய் என்றாயே, அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அக்கா


தோங்குவான், ஏப்ரல் 7

அக்கா,

தாள் எழுதினேன். தொழிலாளர் அலுவலகத்துக்கு நேற்றுக் காலையிலேயே போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன், பின்வாங்கிவிடுவேனோ என்று எனக்கே என் மேல் சந்தேகம். நாளை மறுநாள் ஃபாக்டரியைப் பார்க்க வருகிறார்கள். பூட்டுவார்களா, அபராதத்தோடு விடுவார்களா என்று இன்னும் தெரியாது. கெ தெரிந்துகொண்டு போன் செய்தார். "சரக்கு வேணும், ஆனா அந்த மெஷின்ல செஞ்சது வேணாம்" என்றார். வேறென்ன சொல்வார்.

பிறகு தாளை எடுத்துக்கொண்டு சுன்லியானின் அறைக்குப் போனேன். இடக்கையால் துணி அலசிக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

"இதுல ரேகை வச்சா என்னை ஊருக்கு அனுப்பிருவீங்களா?"

"இல்லம்மா. அனுப்பக் கூடாதுன்னுதான் இதுல எழுதியிருக்கு."

"படிங்க."

படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை நான் எதையும் விட்டுவிடுகிறேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தகட்டைக் கழற்றியது முதலாளி ஷீ வென்தாங்" என்ற வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நீங்களா கழட்டுனீங்க?"

அவளுக்குத் தெரியாது, அக்கா. இந்த இரண்டு மாதமாக அவளுக்குத் தெரியாது. தகடு தானாகக் கழன்று விழுந்திருக்கும், தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கும் அது ஒருநாள்கூடத் தோன்றவில்லை. நான்தான் என்றேன்.

 துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். ஒரு கையால் பிழிய முடியாது, முழங்கையில் சுற்றிப் பிழிகிறாள். தாள் தன்னிடமே இருக்கட்டும், எழுத்துத் தெரிந்த ஊர்க்காரன் ஒருத்தன் பக்கத்து ஃபாக்டரியில் இருக்கிறான், அவனிடமும் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் ரேகை வைப்பேன் என்றாள். சரி என்றேன்.

வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மொதலாளி, கதவுல நசுங்கிருச்சுன்னு எங்கம்மாகிட்ட நான்தான் போன்ல சொன்னேன். 'நீ சின்னதுலேருந்தே பராக்குப் பாக்கறவதானே, ஒனக்கு வேணும்'னு எங்கம்மா திட்டுச்சு. ஆமாம்மா, என் தப்புதான்னு நானும் ஒத்துக்கிட்டேன். அம்மா போன மாசம் செத்துப்போச்சு. இப்ப நான் யாருகிட்ட போய் மாத்திச் சொல்றது?"

 ஈரத் துணி சொட்டிக்கொண்டிருந்த அந்த வாசலிலேயே வெகுநேரம் நின்றேன்.

வென்தாங்